கனவா, கோடா? டேனிஷ் சர்ரியலிசம்: ஓர் எளிய அறிமுகம்

சர்ரியலிசம் என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது சால்வதோர் டாலி 1931இல் வரைந்த, உருகி வழியும் கடிகாரங்கள்தான். அந்த ஓவியம் அவ்வளவு பிரபலம். அதோடு ஓர் எண்ணமும் மனதில் படிந்துவிடுகிறது: நடக்கவே முடியாத ஒரு காட்சியைப் புகைப்படம் எடுத்ததுபோல் துல்லியமாக வரைந்துவிட்டால் அது சர்ரியலிசம். பாதி சரிதான். மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள டென்மார்க் பக்கம் போகச் சொல்வேன். பாரிஸில் ஏராளமான கலைஞர்களிடையே பரவிக் கிடந்த ஒரு விவாதம், கோபன்ஹேகனில் ஒரு சின்ன நண்பர் வட்டத்துக்குள் நேருக்கு நேர் நடந்தது. ஆட்கள் குறைவு என்பதால் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது அங்கே பளிச்சென்று தெரிகிறது.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம்.

1924இல் பாரிஸில் ஆந்த்ரே ப்ரெதோன் என்ற கவிஞர் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்டார். அவர் மருத்துவம் படித்தவர். முதல் உலகப் போரின்போது மனம் பாதிக்கப்பட்ட படைவீரர்களுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்தவர். ஃப்ராய்டின் கருத்துகள் அங்கேதான் அவரைப் பற்றிக்கொண்டன. நாம் யோசித்து, நிதானித்துப் பேசும் பேச்சுக்கு அடியில் இன்னொரு மனம் ஓடிக்கொண்டிருக்கிறது. கனவிலும் வாய்தவறி வரும் சொற்களிலும் அது தலைகாட்டுகிறது என்றார் ஃப்ராய்ட். நோயாளியைக் குணப்படுத்துவதற்காக ஃப்ராய்ட் தேடிய அந்த அடிமனத்தைக் கவிதைக்கும் ஓவியத்துக்கும் ஊற்றாக ஆக்க முடியுமா என்று ப்ரெதோன் கேட்டார். அறிவு, ஒழுங்கு, முன்னேற்றம் என்று பெருமைப்பட்டுக்கொண்ட ஐரோப்பா லட்சக்கணக்கான இளைஞர்களைப் பதுங்குகுழியில் சாகவிட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அறிவின் காவலை மீறி வேறெங்காவது உண்மையைத் தேட வேண்டும் என்ற தவிப்பு அந்தத் தலைமுறைக்கு இருந்தது.

சரி, அடிமனத்தை எப்படி வரைவது? இதற்கு இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, கையை அவிழ்த்துவிடுவது. எதை வரையப் போகிறோம் என்று தீர்மானிக்காமல் பென்சிலை ஓடவிட வேண்டும். கோடு எங்கே போகிறதோ போகட்டும். பிறகு, மேகத்தில் யானையைக் காண்பதுபோல, அந்தக் கோடுகளுக்குள் தெரியும் உருவத்தை வளர்த்தெடுக்கலாம். ஆந்த்ரே மஸ்ஸோன், ஜோன் மீரோ போன்றவர்கள் இந்த வழியில் போனார்கள். மாக்ஸ் எர்ன்ஸ்ட் மரப்பலகையின் மேல் காகிதத்தை வைத்துத் தேய்த்து, அதில் பதிந்த வரிகளிலிருந்து காடுகளையும் பறவைகளையும் எடுத்தார். இந்த முறைக்குத் தானியக்கம் என்று பெயர்.

இன்னொன்று, கனவைக் கண்டதுபோலவே வரைவது. பொருள்கள் ஒவ்வொன்றும் தெளிவாக, நிழல் சகிதம் இருக்கும். ஆனால் அவை சேர்ந்திருக்கும் விதம் பகலில் நடக்காதது. டாலி, மக்ரீத் எல்லாம் இந்தக் கட்சி.

முதல் வழியில் படம் எப்படி முடியும் என்று வரைபவருக்கே தெரியாது. இரண்டாவது வழியில் படம் மனதில் முன்பே தயாராக இருக்கிறது. கை அதைப் பிரதி எடுக்கிறது. இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டால் டென்மார்க்கில் நடந்தது எளிதாகப் புரிந்துவிடும்.

1920களின் இறுதியில் கோபன்ஹேகனில் கலை ரசனை அமைதியானது. வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் வரைந்த, சாம்பல் ஒளி படர்ந்த வெற்று அறைகளும், முதுகு காட்டி நிற்கும் பெண்ணும் அந்த ஊர் மக்களுக்குப் பழகிய அழகு. புதிதாக எதையாவது பார்க்க வேண்டுமென்றால் இளைஞர்கள் ரயிலேறித்தான் போக வேண்டியிருந்தது. போனார்கள். ரீட்டா கெர்ன்-லார்சன் பாரிஸில் ஃபெர்னான் லெஜே என்ற பிரெஞ்சு ஓவியரிடம் படித்தார். ரிச்சர்ட் மோர்ட்டென்சனும் ஏய்லர் பில்லேயும் 1932இல் பெர்லினில் ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியின் ஓவியங்களைக் கண்டார்கள். வில்ஹெல்ம் பியர்கே-பெட்டர்சன் ஜெர்மனியின் டெஸ்ஸாவிலிருந்த பௌஹவுஸ் கலைப்பள்ளிக்கு 1930இல் போய், காண்டின்ஸ்கியிடமும் பால் க்ளேயிடமும் நேரடியாகப் பாடம் கேட்டுத் திரும்பினார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொருள்களை வடிவத் துண்டுகளாக உடைத்து வரையும் க்யூபிசம் பாரிஸில் 1907ஐ ஒட்டித் தொடங்கியது, எந்தப் பொருளையும் காட்டாமல் கோடும் வண்ணமும் மட்டுமே கொண்ட அருவ ஓவியம் அதன்பின் வந்தது, சர்ரியலிசம் 1924இல். ஒன்றை எதிர்த்து அடுத்தது எழுந்தது. டென்மார்க்கின் இந்தத் தலைமுறைக்கு மூன்றும் சில ஆண்டு இடைவெளிக்குள் ஒன்றாக வந்து இறங்கின. பாரிஸ்காரர்கள் எதிரெதிராகப் பார்த்தவற்றை டேனிஷ் இளைஞர்கள் ஒரே மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தார்கள். பிற்பாடு அவர்கள் தனித்துவமாக எதையாவது செய்தார்கள் என்றால் அதன் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

1934இல் பியர்கே-பெட்டர்சன், பில்லே, மோர்ட்டென்சன் மூவரும் சேர்ந்து 'லீனியன்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். அதே பெயரில் ஒரு சிறுபத்திரிகையும் வந்தது. லீனியன் என்றால் கோடு. மூவருக்கும் அப்போது இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை அல்லது அதை ஒட்டி இருந்தது. பியர்கே-பெட்டர்சன் அதற்கு முந்தைய ஆண்டே அருவக் கலையில் குறியீடுகள் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். டென்மார்க்கின் இளம் ஓவியர்கள் அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் படித்தார்கள். பின்னாளில் உலகப்புகழ் பெற்ற அஸ்கர் யோர்னும் அவர்களில் ஒருவர்.

ஓராண்டு முடிவதற்குள் விரிசல் வந்துவிட்டது. பியர்கே-பெட்டர்சன் ப்ரெதோன் பக்கம் சாய்ந்தார். கனவு, காமம், அடிமனப் படிமம் இவற்றைத் தெளிவான உருவங்களாக வரைவதே சரி என்று அவருக்குப் பட்டது; 1934இலேயே சர்ரியலிசம் பற்றித் தனியாக ஒரு நூலையும் வெளியிட்டார். பில்லேக்கும் மோர்ட்டென்சனுக்கும் இது பிடிக்கவில்லை. கனவுக் காட்சியை நுணுக்கமாக வரைவது பழைய கல்விக்கூட ஓவியத்துக்குப் புது வேஷம் போடுவது என்று அவர்கள் நினைத்தார்கள். கோடும் வண்ணமும் தாமாகவே பேச வேண்டும். வரையும் கணத்தில் உருவம் பிறக்க வேண்டும். பியர்கே-பெட்டர்சன் வெளியேறினார்.

பாரிஸில் ப்ரெதோன் ஆட்களை இயக்கத்திலிருந்து நீக்குவது அடிக்கடி நடக்கும். அரசியல், ஒழுக்கம், தனிப்பட்ட மனஸ்தாபம் என்று காரணங்கள் பலவாக இருக்கும். கோபன்ஹேகன் பிளவோ கலையின் செய்முறை பற்றியது. அடிமனம் படத்தின் கதையில் இருக்கிறதா, வரையும் கையின் அசைவில் இருக்கிறதா? இந்தக் கேள்விக்காக நண்பர்கள் பிரிந்தார்கள் என்பதை நினைத்தால் அவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

வெளியே வந்த பியர்கே-பெட்டர்சன் சும்மா இருக்கவில்லை. 1935 ஜனவரியில் கோபன்ஹேகனின் 'டென் ஃப்ரீ' காட்சிக்கூடத்தில் ஒரு பெரிய சர்வதேசக் கண்காட்சியை நடத்தினார். ஆர்ப், டாலி, எர்ன்ஸ்ட், மக்ரீத், மீரோ, தாங்கி ஆகியோரின் படைப்புகள் டேனிஷ் ஓவியர்களின் படைப்புகளோடு மாட்டப்பட்டன. ஸ்வீடனின் ஹால்ம்ஸ்டாட் குழுவும் பங்கேற்றது. காட்சிப் பட்டியலுக்கு முன்னுரை எழுதியவர் ப்ரெதோனே. கண்காட்சியின் பெயரைக் கேளுங்கள்: 'க்யூபிசம் = சர்ரியலிசம்'. நடுவே சமக்குறி. கலை வரலாறு படித்தவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டும் வேறு வேறு. ஆனாலும் பியர்கே-பெட்டர்சனின் தலைமுறைக்கு அந்தச் சமக்குறி பொய்யில்லை. இரண்டும் அவர்களுக்கு ஒரே காலத்தில் கிடைத்த, ஒரே கதவைத் திறந்துவிட்ட சாவிகள்.

லண்டனில் சர்வதேச சர்ரியலிசக் கண்காட்சி நடந்தது 1936இல். பாரிஸின் புகழ்பெற்ற கண்காட்சி 1938இல். இரண்டுக்கும் முன்னால் கோபன்ஹேகனில் இப்படி ஒன்று நடந்துவிட்டது. சர்ரியலிசம் எப்படி உலக இயக்கமானது என்று சொல்லும் அறிமுக நூல்கள் பல இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. வருத்தமாக இருக்கிறது.

பியர்கே-பெட்டர்சன் 'கொங்க்ரெட்சியோன்' என்ற பத்திரிகையையும் 1935, 36இல் நடத்தினார். ஸ்காண்டிநேவிய நாடுகள் மூன்றுக்கும் பொதுவான பத்திரிகை அது. லீனியன் நண்பர்களும் ஓயவில்லை. 1937இல் கோபன்ஹேகனில் இன்னொரு சர்வதேசக் கண்காட்சியைத் தொகுத்தார்கள். அதில் மோண்ட்ரியான், காண்டின்ஸ்கி, சோஃபி டௌபர்-ஆர்ப் போன்ற அருவக் கலைஞர்களும் எர்ன்ஸ்ட், மீரோ, தாங்கி போன்ற சர்ரியலிஸ்டுகளும் சேர்ந்தே இருந்தார்கள். சண்டையிட்டுப் பிரிந்த இரு தரப்பும் தனித்தனியே ஐரோப்பாவைத் தங்கள் ஊருக்கு அழைத்து வந்தன. சர்வதேச இயக்கம் என்பது நடைமுறையில் இதுதான்: கடிதங்கள், சிறுபத்திரிகைகள், ரயிலில் வரும் மரப்பெட்டிகள், முன்னுரை கேட்டு எழுதும் விண்ணப்பங்கள்.

இனி இரண்டு ஓவியர்களைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம்.

ரீட்டா கெர்ன்-லார்சன் 1904இல் ஹில்லரோடு என்ற ஊரில் பிறந்தவர். லெஜேயிடம் பயின்றவர் என்பதால் அவருடைய கை கட்டுக்கோப்பானது. லெஜேயின் ஓவியங்களில் உருவங்கள் இயந்திர உதிரிபாகங்கள்போலத் தடித்த வரைகோட்டோடு நிற்கும். அந்தப் பயிற்சியோடு சர்ரியலிசத்துக்கு வந்த கெர்ன்-லார்சன் கோட்டைத் தளரவிட்டார். முன்திட்டமில்லாமல் கோட்டை அலையவிட்டு, அதில் எட்டிப் பார்க்கும் உருவங்களைப் பிடித்து, பிறகு பொறுமையாக வண்ணம் தீட்டி முழுமையாக்குவது அவர் முறை. முதலில் தானியக்கம், பிறகு கனவோவியம். மேலே சொன்ன இரண்டு வழிகளும் ஒரே கான்வாஸில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடுகின்றன. கோபன்ஹேகன் நண்பர்கள் எதற்காகப் பிரிந்தார்களோ அதற்கு இந்தப் பெண் தன் வேலையிலேயே ஒரு பதிலை வைத்திருந்தார்.

அவர் ஓவியங்களில் பெண்ணும் மரமும் ஒன்றாக வளரும். கிளை எங்கே முடிந்து கை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பாரிஸ் ஆண் சர்ரியலிஸ்டுகளின் ஓவியங்களில் பெண் உடல் எத்தனையோ விதமாகத் துண்டாடப்பட்டது. தலையில்லாத பெண், கண் கட்டப்பட்ட பெண், ஜவுளிக்கடைப் பொம்மையாகிவிட்ட பெண். பெரும்பாலும் அந்தப் பெண் பார்க்கப்படுபவள். 1937இல் கெர்ன்-லார்சன் தன்னைத்தானே வரைந்த ஓவியத்துக்கு 'உன்னையே அறிந்துகொள்' என்று பெயர் வைத்தார். அங்கே தன் அடிமனத்தைத் தேடுபவளே அந்தப் பெண்தான். சர்ரியலிசத்தில் பெண்கள் என்ற பேச்சு வந்தால் லியோனோரா காரிங்டனையும் ஃப்ரீடா காலோவையும் மட்டும் சொல்லி நிறுத்தாமல் இவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1935 கோபன்ஹேகன், 1936 லண்டன், 1938 பாரிஸ் ஆகிய மூன்று கண்காட்சிகளிலும் கெர்ன்-லார்சன் பங்கேற்றார். 1938இல் பெக்கி குகன்ஹைம் லண்டனில் புதிதாகத் திறந்திருந்த 'குகன்ஹைம் ஜூன்' காட்சிக்கூடத்தில் அவருக்குத் தனிக் கண்காட்சி கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டுக் கலையின் மிகப் பெரிய சேகரிப்பாளர்களில் ஒருவர் தன் தொழிலைத் தொடங்கிய முதல் சில மாதங்களில் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர் இந்த டேனிஷ் பெண். போர்க்காலத்தை லண்டனில் கழித்த அவர், போர் முடிந்தபின் சர்ரியலிசத்தை விட்டுவிட்டார். தெற்கு பிரான்ஸில் குடியேறி அமைதியான வேறு வகை ஓவியங்கள் வரைந்தார். உலகமும் அவரை ஏறக்குறைய மறந்துபோனது. 1998இல் காலமானார். 2017இல் வெனிஸ் நகரின் பெக்கி குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய சர்ரியலிச ஓவியங்களுக்கென்று தனிக் கண்காட்சி வைத்தது. 'உன்னையே அறிந்துகொள்' இப்போது அங்கேதான் இருக்கிறது.

அடுத்தவர் வில்ஹெல்ம் ஃப்ரெட்டி. 1909இல் கோபன்ஹேகனில் பிறந்தவர். கலைக்கல்லூரிப் பட்டம் எதுவும் கிடையாது. பெரும்பாலும் தானே கற்றுக்கொண்டார். 1930இல் இலையுதிர்காலக் கண்காட்சியில் அவர் வைத்த ஓவியத்திலிருந்தே டென்மார்க்கில் சர்ரியலிசம் தொடங்குகிறது என்று சொல்வதுண்டு. லீனியன் நண்பர்கள் செய்முறை பற்றி விவாதித்துக்கொண்டிருக்க, ஃப்ரெட்டியின் வழி நேரடியானது. சமூகம் எதைத் திரைபோட்டு மறைக்கிறதோ அதை வரைந்து, அதே சமூகத்தின் முன் வைப்பது. காமமும் போரும் அவருடைய இரண்டு பெரிய விஷயங்கள்.

1936இல் லண்டன் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய படைப்புகளை பிரிட்டிஷ் சுங்கத் துறை ஆபாசம் என்று சொல்லித் தடுத்துவிட்டது. அவற்றில் ஒன்று போரில் மாண்டவர்களைப் பற்றியது. அடிமனத்தை விடுதலை செய்வோம் என்று கூடிய கூட்டத்துக்கு அவர் படங்கள் போய்ச் சேரவே இல்லை.

அடுத்த ஆண்டு கோபன்ஹேகனில் ஃப்ரெட்டி தனிக் கண்காட்சி வைத்தார். வண்ணத்துப்பூச்சியின் கண்ணிலிருந்து முள்கரண்டியைப் பிடுங்கச் சொல்லும் ஒரு தலைப்பு அதற்கு. போலீஸ் வந்து மூடியது. சில படைப்புகள் பறிமுதலாயின. ஃப்ரெட்டிக்குச் சிறைத் தண்டனை. பறிமுதலானவற்றில் முக்கியமானது 'செக்ஸ்-பாராலிசப்பீல்' என்ற 1936ஆம் ஆண்டுச் சிற்பம். பாலியல் கவர்ச்சி, உடலை முடக்கும் வாத நோய் என்ற இரண்டையும் குறிக்கும் சொற்களை ஒன்றோடொன்று முட்டவிட்டு உண்டாக்கிய பெயர். ஒரு பெண்ணின் மார்பளவுச் சிலை. அழகுசாதனக் கடை கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கக்கூடிய வழவழப்பான முகம். அந்தக் கன்னத்தில் ஓர் ஆண்குறி வரையப்பட்டிருக்கிறது. கழுத்தில் கயிறு, அதில் மதுக் கோப்பைகள். தலையில் ஒரு கையுறை.

முதலில் அதிர்ச்சிதான் வரும். வரட்டும். கொஞ்ச நேரம் அதோடு இருந்து பாருங்கள். அந்த முகம் விளம்பரங்களில் நாம் தினமும் பார்க்கும் முகம். பொருளை விற்கப் பெண் முகத்தை வைப்பவர்கள் எந்த ஆசையைத் தூண்டி விற்கிறார்களோ, அந்த ஆசையை ஃப்ரெட்டி அதே முகத்தின் மேல் வெளிப்படையாக எழுதிவிட்டார். நாகரிகமான வரவேற்பறை, விருந்து, மதுக் கோப்பை எல்லாம் கழுத்துச் சுருக்காக மாறியிருக்கின்றன. கடைவீதியில் இந்தப் பொம்மை நின்றால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அதன் அர்த்தத்தை அதன் கன்னத்திலேயே எழுதினால் போலீஸ் வருகிறது. இந்த முரணைக் கையால் தொட்டுக் காட்டியதற்காகத்தான் அவர் சிறைக்குப் போனார்.

பறிமுதலான படைப்புகள் கோபன்ஹேகன் போலீஸின் குற்றவியல் அருங்காட்சியகத்துக்குப் போயின. அங்கே குற்றச் சான்றுப் பொருள்களோடு அவை கால் நூற்றாண்டு கிடந்தன. ஃப்ரெட்டி விடவில்லை. 1961இல் அந்தப் படைப்புகளைத் தானே மறுபடி செய்து காட்சிக்கு வைத்தார். எதிர்பார்த்தபடியே அவையும் பறிமுதலாயின; அதாவது, வழக்கு மறுபடி நீதிமன்றம் ஏறியது. அவருக்கு வேண்டியது அதுதான். 1963இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்து, மூலப் படைப்புகள் விடுவிக்கப்பட்டன. ஆறு ஆண்டுகள் கழித்து, 1969இல், ஆபாசப் படங்கள் மீதான தடையை உலகிலேயே முதலில் நீக்கிய நாடு டென்மார்க். அந்தச் சட்ட மாற்றத்துக்குப் பல காரணங்கள் உண்டு. ஃப்ரெட்டியின் பிடிவாதத்தை அந்த வரலாற்றுக்கு வெளியே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

நாஜிகளும் அவரைக் குறிவைத்தார்கள். 1936இலேயே 'நாஜி எதிர்ப்புக் காதல் குறித்த தியானம்' என்று ஓர் ஓவியத்துக்குப் பெயரிட்டவர் அவர். 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படை டென்மார்க்கை ஆக்கிரமித்தது. 1944இல் ஃப்ரெட்டி ஸ்வீடனுக்குத் தப்பிப் போக வேண்டியதாயிற்று. அதே ஆண்டு பியர்கே-பெட்டர்சனும் அவர் மனைவி, சர்ரியலிச ஓவியர் எல்ஸா தொரேசனும் ஸ்வீடனுக்குப் போனார்கள். போருக்குப் பின் 1947இல் பாரிஸில் ப்ரெதோன் நடத்திய சர்வதேசக் கண்காட்சியில் ஃப்ரெட்டி இடம்பெற்றார். 1949இல் யோர்கன் ரோஸ் என்ற திரைக்கலைஞரோடு சேர்ந்து, ஒரு முத்தத்துக்கான வேண்டுகோளை மறுப்பது பற்றி மிகச் சிறிய படம் ஒன்று எடுத்தார். சிறையில் போட்ட அதே நாடு 1973இல் அவரைக் கோபன்ஹேகன் அரச கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆக்கியது.

ஃப்ரெட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் டேனிஷ் சர்ரியலிசம் முழுக்க அதிர்ச்சி வைத்தியம் என்று தோன்றிவிடும். லீனியன் பக்கம் இருந்தவர்களின் வேலை வேறு சுவை.

சோன்யா ஃபெர்லோவ் 1935இல் செய்த 'உயிருள்ள கிளைகள்' என்ற படைப்பு, கீழே கிடந்த மரக்கிளைகளைப் பொறுக்கி இணைத்தது. செதுக்கவில்லை, இழைக்கவில்லை. கிளையின் வளைவிலேயே ஒரு பிராணியின் உடல் இருப்பதைக் கண்டுகொண்டதுதான் படைப்பு. கோபன்ஹேகனில் கார்ல் கியர்ஸ்மையர் என்பவர் வீட்டில் ஆப்பிரிக்கச் சிற்பங்களின் பெரும் தொகுப்பு இருந்தது. ஃபெர்லோவுக்கும் அவர் நண்பர்களுக்கும் அது ஒரு பள்ளிக்கூடமாக அமைந்தது. 1936இல் ஃபெர்லோவ் பாரிஸுக்குப் போனார். அவருடைய பட்டறைக்கு அடுத்த பட்டறை சிற்பி ஜாக்கொமெத்தியுடையது. தென்னாப்பிரிக்கக் கலைஞர் எர்னஸ்ட் மன்கோபாவை அங்கே சந்தித்தார். ஜெர்மானியர் மன்கோபாவை முகாமில் அடைத்து வைத்திருந்தபோதே, 1942இல், இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். ஆப்பிரிக்க முகமூடிகளை வியந்த ஐரோப்பியக் கலைஞர்கள் ஏராளம். ஆப்பிரிக்கக் கலைஞர் ஒருவரைச் சமமான தோழராக ஏற்றுக்கொண்டவர்கள் மிகச் சிலர். மன்கோபா பின்னர் கோப்ரா என்ற கலைஞர் குழுவோடு (அதன் கதை கீழே வருகிறது) சேர்ந்து காட்சி வைத்தார். அந்தக் குழுவின் வரலாற்றை எழுதியவர்கள் அவர் பெயரை நெடுநாள் விட்டுவிட்டார்கள்.

ஹென்றி ஹீருப் காயலான் கடைச் சாமான்களிலிருந்து சிற்பம் செய்தவர். உடைந்த சக்கரம், பழைய தகரம், தூக்கிப்போட்ட மரத்துண்டு என எதுவும் அவருக்கு உதவும். 1943இல், ஆக்கிரமிப்பின் நடுவே அவர் செய்த சிற்பத்தின் பெயர் 'மரணத்தின் அறுவடை இயந்திரம்'. கவிஞரும் ஓவியருமான கூஸ்டாஃப் முங்க்-பெட்டர்சன் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிசத்தை எதிர்த்துப் போராடப் போய் 1938இல், 26 வயதில், உயிரிழந்தார்.

ஆக்கிரமிப்புக் காலத்தில் அஸ்கர் யோர்னும் கட்டடக் கலைஞர் ராபர்ட் டால்மன் ஓல்சனும் நண்பர்களும் 'ஹெல்ஹெஸ்டன்' என்ற பத்திரிகையை 1941 முதல் 1944 வரை நடத்தினார்கள். ஹெல்ஹெஸ்டன் என்பது டேனிஷ் நாட்டார் கதைகளில் வரும் மூன்று கால் குதிரை. அதைக் கண்டால் மரணம் வரும் என்பது ஐதிகம். வாத்துநடை போடும் ராணுவத்துக்கு நடுவே நொண்டிக் குதிரையை முகப்பில் வைத்தார்கள். குழந்தைகளின் ஓவியம், பழைய தேவாலயச் சுவரோவியம், பச்சை குத்தும் கலை, தொல்லியல் என்று பத்திரிகை முழுக்க நாஜிகள் விரும்பிய 'தூய' கலைக்கு நேர் எதிரான விஷயங்கள். பாரிஸிலிருந்து பெட்டிகள் வருவது நின்றுபோன காலம் அது. சர்ரியலிஸ்டுகள் கனவில் தேடியதை இவர்கள் சொந்த மண்ணின் பேய்க்கதைகளிலும் சுவரோவியங்களிலும் தேடினார்கள்.

போர் முடிந்ததும் எல்லைகள் திறந்தன. 1947இல் பிரஸ்ஸல்ஸில் புரட்சிகர சர்ரியலிஸ்டுகள் கூடிய மாநாட்டுக்கு யோர்ன் போனார். அங்கே பெல்ஜியக் கவிஞர் கிறிஸ்தியான் தோத்ரெமோனைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு நவம்பர் 8 அன்று பாரிஸில் ஒரு கஃபேயில் கோப்ரா குழு பிறந்தது. கோபன்ஹேகன், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் ஆகிய பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்தது அந்தப் பெயர். ஐரோப்பிய நவீனக் கலையின் மையம் பாரிஸ்தான் என்ற நினைப்பை பாரிஸிலேயே உட்கார்ந்து உதறிய கூட்டம் இது.

கோப்ரா பத்திரிகையின் முதல் இதழ் 1949இல் கோபன்ஹேகனிலிருந்து வந்தது. அதில் யோர்ன் ப்ரெதோனோடு நேரடியாக மோதுகிறார். 1924 அறிக்கையில் 'தூய மனத் தானியக்கம்' என்று ப்ரெதோன் சர்ரியலிசத்துக்கு இலக்கணம் சொல்லியிருந்தார். வெறும் மனத்தால் எதையும் வெளிப்படுத்த முடியாது என்கிறார் யோர்ன். வெளிப்படுத்துதல் என்பதே உடலின் வேலை. தோள் அசைகிறது, மணிக்கட்டு திரும்புகிறது, தூரிகை சாயத்தில் வழுக்குகிறது. அடிமனம் அந்த அசைவிலேயே உருக்கொள்கிறது. 1934இல் பில்லேயும் மோர்ட்டென்சனும் பியர்கே-பெட்டர்சனை விட்டுப் பிரிந்தபோது கேட்ட கேள்விக்கு, பதினைந்து ஆண்டு கழித்து, போரெல்லாம் பார்த்துவிட்டு, தெளிவான கோட்பாட்டு வடிவில் வந்த பதில் இது. அந்தக் கோடை காலத்தில் கோபன்ஹேகனுக்கு அருகே ப்ரெக்னரோடு என்ற இடத்தில் ஒரு சிறு வீட்டில் கோப்ரா நண்பர்கள் கூடி, குடும்பம் குழந்தைகளோடு தங்கி, சுவரையும் கூரையையும் சேர்ந்து வரைந்து நிரப்பினார்கள். 1951இல் குழு கலைந்தது. அப்போது யோர்னும் தோத்ரெமோனும் காசநோயோடு டென்மார்க்கின் சில்கபோர் ஊர் மருத்துவமனையில் இருந்தார்கள். யோர்ன் பிறகு திரட்டிக் கொடுத்த படைப்புகளால் அதே சில்கபோரில் இன்று அவர் பெயரிலேயே அருங்காட்சியகம் இருக்கிறது.

புதிதாக இவர்களைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு யோசனை. டென்மார்க் தேசிய கலைக்கூடத்தின் தொகுப்பை இணையத்தில் பார்க்கலாம். முதலில் பியர்கே-பெட்டர்சனின் 1930களின் இறுதிக்கால ஓவியம் ஒன்றையும், அதே காலத்து மோர்ட்டென்சன் ஓவியம் ஒன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருள் என்ன என்று தேடாமல், வரைந்தவருக்குப் படம் முடியும் விதம் முன்பே தெரிந்திருக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கெர்ன்-லார்சனுக்கு வாருங்கள். அவர் கோடு எந்த இடத்தில் அலைவதை நிறுத்தி உருவமாகிறது என்று விரலால் தொடர்ந்து பாருங்கள். ஃப்ரெட்டியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 'செக்ஸ்-பாராலிசப்பீல்' சிற்பம் இப்போது ஸ்டாக்ஹோமின் மொடெர்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.